ஒறம்பரை இல்லாத ஊர்

வா கண்ணு, உக்காரு, உக்காரு. ஆளில்லாத சீட்டுதான். சன்னலோரம் மட்டும் கேக்காத, எனக்கு திம்பத்து மலை எறங்கறப்ப தலை சுத்தும், கொடலைப் பொரட்டும். அந்த வளைவெல்லாம் தாண்டி பண்ணாரி வந்துட்டா அப்பறம் நீயே இங்க வந்துக்க. பையை மேல வெக்காத, இந்த டிரைவர் ஓட்டற ஓட்டுக்கு மைசூர் தாண்டறதுக்குள்ள மண்டையில உழுகும்.

கண்ணு ஏன் இப்பிடி செவந்திருக்குது? தூசியா? சரி, சரி. எந்த ஊருக்குப் போற? கோபியா? கோபியில எங்க? கோபியில என்ற பெரியப்பன் பேத்தியைக் குடுத்திருக்குது, கரட்டூர் பக்கத்துல. சரி, நீ தலைவலின்னு சொல்ற. நீ பேசோணும்னு இல்ல. நான் பேசிட்டு வாரேன், நீ சும்மா கேட்டுட்டு வா. வாயை மூடிக்கிட்டு வந்தா எனக்கு நெஞ்சை அடைக்கற மாதிரி இருக்குது.

எங்கூரு சென்னிமலை. என்ற பேரு பருவதம். தனியா வாரேன்னு பாக்கறியா? எல்லாரும் அப்பிடித்தான் பாக்கறாங்க. கண்டக்டர்கூட, "கூட ஆள் இல்லையா பாட்டி?"ன்னு கன்னடத்துலயும் தமிழ்லயும் மாத்தி மாத்திக் கேக்கறான். இருக்காங்கப்பா, எனக்கும் மகன், மருமக, பேத்தின்னு எல்லாரும் இருக்காங்க. குடும்பத்தோட கார்ல டூர் போன பொம்பளை, பாதியில பஸ்ஸேறி வாரேன். ஊருக்குள்ள போயி என்ன சொல்றதுன்னு தெரியல. போறப்ப வாசல்ல நின்னு தெருவுக்கே கையாட்டிட்டுப் போனவ நானு. அந்த எதுத்த ஊட்டு ராசாத்தி கேப்பா பாரு, "ஏனுங்க பெரியம்மா, நேரத்துலயே வந்துட்டீங்க?"ன்னு. அவளுக்கு அதுதான் சோலி. ஒருக்கா எங்க மாடு கன்னு போட்டதையே எனக்கு முன்னாடி அவதான் ஊருக்குச் சொன்னா. அதை உடு.

டூரு ஆர் போட்ட திட்டம்னா, என்ற மருமக. சுகுணா. பேங்க்ல வேலை. பரிச்ச லீவு வந்தா பேத்தி தாரணி போனைப் புடிச்சுட்டுப் படுத்துக்கும், அதனால எல்லாரும் கார்ல ஒரு பெரிய சுத்து சுத்திட்டு வரலாம்னு ஒருநாள் சோறு உங்கறப்ப பேச்சை எடுத்தா. எடுத்தாளா, அன்னையில இருந்து எங்கூட்ல பொழுதுக்கும் இதே பேச்சு. தாரணிக்கு பெரிய பெரிய ஊரெல்லாம் பாக்கோணும். கடல் பாக்கோணும், மெட்ரோ ரயில்ல போகோணும், பெங்களூர்ல பெரிய பெரிய கடை இருக்குதாமா, அங்க ஏறி எறங்கோணும். என்ற மகன் லோகுவுக்கு எங்க போனாலும் சரி, வண்டி ஓட்டோணும். அவனுக்கு தறிச் சத்தம் காதுல கேக்காம நாலு நாள் இருந்தாப் போதும்ங்கறான்.

சுகுணா என்ன கேட்டான்னு நெனைக்கற? "நீங்க எங்க வேணாலும் சுத்துங்க, கடைசியில ரெண்டு நாள் எனக்குக் குடுங்க. குடகு பக்கத்துல ஆத்தோரமா ஒரு ஊடு இருக்குது, வாடகைக்கு உடறாங்க. அங்க போயி நான் சும்மா இருக்கோணும்"ன்னா.

நான் கேட்டேன், "சும்மா இருக்கறதுக்கு எதுக்கு அம்முணி அத்தனை தூரம் எண்ணெய் போட்டுட்டுப் போகோணும்? ஊட்டுலயே சும்மா இருக்கலாமே?"ன்னு.

லோகு சிரிச்சான். தாரணி சிரிச்சா. சுகுணா சிரிக்கல. "ஊட்டுல சும்மா இருக்க முடியுமாங்க அத்தை?"ன்னா. அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு எந்திரிச்சுப்போயி எல்லார் தட்டையும் கழுவினா.

அப்பறம் தடம் போட்டாங்க. மொதல்ல மெட்ராஸ், அங்கிருந்து பெங்களூர், அங்கிருந்து குடகு, திரும்பறப்ப ஊட்டி மேல வந்து மேட்டுப்பாளையம், காரமடை, ஊடு. தாரணி போன்லயே தடத்தைக் காட்டினா, நீலமா ஒரு கோடு பாம்பாட்ட போகுது. நான் பாத்தேன். பாத்ததும் எனக்கு மனசு குளுந்துபோச்சு கண்ணு. ஏன்னு சொல்லட்டுமா? அந்தக் கோடு போற ஊரெல்லாம் நம்ம ஆளுக இருக்காங்க! மெட்ராஸ்ல வேளச்சேரியில என்ற அண்ணன் மகள் ஜெயசுதா. பெங்களூர்ல என்ற ஊட்டுக்காரரோட பெரியப்பா மகன் ஊடு. குடகுல இருந்து எட்டற தூரம் மைசூர், அங்க என்ற கூடப்பொறந்த தங்கச்சி தெய்வாத்தா. காரமடையில கொழுந்தனார் ஊடு. எவ்வளவு லட்சணமா அமைஞ்சிருக்குது!

நான் அதைச் சொன்னேன். சொன்னதும் சுகுணா சொல்றா, "அத்தை, இந்த ஒருதடவை மட்டும் ஆரூட்டுக்கும் போக வேண்டாம். எல்லா ஊர்லயும் ரூம் போட்டாச்சு. ஒறம்பரை இல்லாத ஊராட்ட நெனைச்சுட்டுப் போயிட்டு வந்துரலாம்"ங்கறா.

எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? ஒறம்பரை, சொந்தபந்தம்னா எல்லாம் என்ற பக்கத்து ஆளுக. அவ பக்கம் ஆரு இருக்கா? அப்பன் அவ சின்னதுல போயிட்டாரு. ஒத்தைக்கு ஒரு மக. அவங்கம்மா, எங்க சம்பந்தியம்மா, அவங்களும் போன கார்த்திகையில தவறிட்டாங்க. பாவம், கிட்னி கெட்டு ரெண்டு வருஷம் ஈரோட்டு ஆஸ்பத்திரிக்கும் காங்கேயத்துல அவங்கம்மா ஊட்டுக்கும் அலைஞ்சா சுகுணா. பேங்க், ஊடு, ஆஸ்பத்திரி. நான் ஒண்ணும் சொன்னதில்ல கண்ணு. போயிட்டு வான்னுதான் சொல்லுவேன். கடைசி நாளன்னைக்கு மட்டும் கல்யாணப் பத்திரிக்கை வெக்க ஒறம்பரை வந்துட்டாங்க, ஊட்ல ஆளில்ல, எனக்கு அன்னைக்கு முட்டி வலி. சித்த வந்து சோறாக்கிப் போட்டுட்டுப் போயிரு அம்முணின்னு ஆஸ்பத்திரியில இருந்தவளைக் கூப்புட்டேன். வந்தா. கோழி அடிச்சு கொழம்பு வெச்சு எல்லாருக்கும் பரிமாறிட்டு இருந்தப்பத்தான் ஆஸ்பத்திரியில இருந்து போன் வந்துச்சு. ஆருக்குத் தெரியும் இப்பிடி ஆகும்னு. வந்தவங்களும் பாதிச் சோத்துல எந்திரிச்சுட்டாங்க, பாவம். சரி அதை உடு, எங்கயோ போயிட்டேன்.

ரூமு. ஆமா. சொந்தக்காரங்க இருக்கற ஊர்ல ரூம் போட்டுத் தங்கறதுன்னா என்னன்னு உனக்குத் தெரியாது, நீ சின்னப்புள்ளை. எங்க ஊட்டுக்காரர் ஒருக்கா பழனிக்குப் போனாரு. கூட ரெண்டு கூட்டாளிக. சரின்னு லாட்ஜ்ல தங்கிட்டாரு. அங்கயே அடிவாரத்துல அவரு சின்ன மாமன் ஊடு. எப்பிடியோ தெரிஞ்சுபோச்சு. எங்க லோகு கல்யாணத்துக்கு அந்த மாமன் குடும்பத்தோட வந்தாரு, மொய் வெச்சாரு, பந்தியில உக்காரல. கை நனைக்காமப் போயிட்டாரு கண்ணு! நான் மண்டபத்து வாசல் வரைக்கும் ஓடினேன், ஒரு வாய் காப்பியாவது குடிங்க மாமான்னு. "எங்கூட்டுச் சோறு ஆகாதவங்க ஊட்டுச் சோறு எங்களுக்கும் ஆகாது தாயி"ன்னுட்டு ஆட்டோ ஏறிட்டாரு. முந்நூறு பேர் பாத்துட்டு நின்னாங்க. அந்த அவமானம் இன்னும் போகல. நாளைக்கு தாரணிக்கு ஒரு கல்யாணம் காச்சின்னு வந்தா பந்தி வெறிச்சோடிக் கெடக்கோணுமா?

அதனால நான் என்ன செஞ்சேன்னா, ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணிப்போட்டேன். சுகுணா பேங்குக்குப் போனதுக்கு அப்பறம். "தங்க மாட்டாங்க சாமி, ரூம் போட்டிருக்காங்க, ஆனா இந்தத் தேதியில வருவோம், நீங்களே வந்து கூப்புட்டா மாட்டேன்னு சொல்ல மாட்டாங்க"ன்னு. தப்பா இதுல? தப்பில்லைன்னுதான் நெனைச்சேன்.

மெட்ராஸ்ல போயி எறங்கினோம். ரூமுக்குப் போற வழியிலயே ஜெயசுதா போனு. ரூம் வாசல்லயே புருஷனோட நிக்கறா. கூட்டிட்டுப் போயிட்டா. அவ ஊட்டுப் படியேறி உள்ள காலை வெக்கறோம், திரும்பி சுகுணாவைக் கட்டிப்புடிச்சு ஓன்னு அழுகறா. "அக்கா, அம்மா போயிட்டாங்களே அக்கா"ன்னு.

நம்ம சாங்கியம் தெரியுமில்ல உனக்கு? எழவுக்கு வர முடியாதவங்க, அதுக்கப்பறம் மொதமொதல்ல பாக்கறப்ப கட்டிப்புடிச்சு அழுது துக்கம் கேக்கோணும். கேக்காம, வா உக்காரு, காப்பி குடின்னா, அது மனுசத்தனமா? ஜெயசுதா மெட்ராஸ்ல இருந்தாலும் மொறை தெரிஞ்சவ. அவ மாமியாரும் வந்து ஒரு பாட்டம் அழுதாங்க. பக்கத்து ஊட்டுக்காரி ஒருத்தி, ஆருன்னே தெரியாது, அவளும் வந்து கையைப் புடிச்சுட்டு, என்ன வயசு, என்ன நோவுன்னு கேட்டா. சுகுணா எல்லாத்துக்கும் பதில் சொன்னா. கிட்னி. ரெண்டு வருஷம். ஆமா. இல்ல. கார்த்திகையில. தாரணி கடலைப் பாத்தது அன்னைக்கு இருட்டுனதுக்கு அப்பறம், அலைச்சத்தம் மட்டும்தான் கேட்டுச்சு.

பெங்களூர்ல அதுக்கும் மேல. அங்க அடுக்குமாடி. பெரியப்பா மகன் பொண்டாட்டி மரகதம் கொஞ்சம் பெரிய தொண்டை. அவ லிப்ட் வாசல்லயே ஆரம்பிச்சுட்டா. மேல ஆறு மாடிக்கும் கேட்டிருக்கும், கதவெல்லாம் தொறந்து பாக்கறாங்க. கீழ இருந்து வாட்ச்மேன் தடியைத் தூக்கிட்டு ஓடி வாரான், என்னமோ ஏதோன்னு! அவனுக்கு நான் தமிழ்ல சொல்லறேன், "ஒண்ணுமில்லப்பா, இவங்கம்மா செத்துப்போயி நாலஞ்சு மாசமாச்சு"ன்னு. அவன் என்னைப் பாக்கறான், மரகதத்தைப் பாக்கறான். தாரணி தலையைக் குனிஞ்சுட்டு, "அப்பத்தா, சும்மா இரு அப்பத்தா"ங்கறா. சிரிக்கறியா? சிரி, பரவால்ல. எனக்கும் இப்ப நெனைச்சா சிரிப்புத்தான் வருது, அப்பறம் சிரிப்பு அப்பிடியே நின்னுபோகுது.

அன்னைக்கு வண்டியில லோகு கேட்டான். "அம்மா, இவங்களுக்கெல்லாம் நாம வாறது எப்பிடித் தெரியுது?"

நான் சொன்னேன், "எனக்கென்னடா தெரியும்? போன்லதான் எல்லாம் தெரியுதே இப்பெல்லாம்"னு.

சுகுணா முன்சீட்டுல உக்காந்திருந்தா. திரும்பல. "உடுங்க, குடகுல ஆரும் இல்ல"ன்னா. அதை எப்பிடிச் சொன்னான்னா, தாகத்துல இருக்கறவ பானையைப் பாத்தாப்பல.

ஆனா நான் தெய்வாத்தாகிட்ட சொல்லியிருக்கறேனே. ஊடு இருக்கற எடத்தை தாரணி போன்ல இருந்து அனுப்பியே வெச்சிருக்கறேன். புள்ளையையே அனுப்ப வெச்சேன், சின்ன அப்பத்தாவுக்கு சும்மா போட்டோ காட்டோணும்னு சொல்லி. வேண்டாம்னு ஒரு போன் போட்டிருக்கலாம். நெனைச்சேன் கண்ணு. ஆனா கூடப்பொறந்தவகிட்ட வராதேன்னு எப்பிடிச் சொல்றது? அவளே எழவுக்கு வர முடியலைன்னு பொழுதுக்கும் வெசனப்பட்டுட்டு இருக்கா. அன்னைக்கு அவ மருமக பெத்து படுத்திருந்தா, கொழந்தை பொறந்த ஊட்ல இருந்து எழவு ஊட்டுக்கு வரக்கூடாதில்ல. அவளுக்கு மட்டும் கேக்கோணும்னு இருக்காதா?

அந்த ஊடு ஆத்துக்குப் பக்கத்துலயே இருக்குது. காவேரிதான், ஆனா நம்ம ஊர்ல பாக்கற மாதிரி இல்ல, சின்னப்புள்ளையாட்ட இருக்குது அங்க. பாறை மேல தண்ணி தவ்வித் தவ்விப் போகுது. சுத்தியும் காப்பிச்செடி, வெள்ளை வெள்ளையா பூத்துக் கெடக்குது. காருன்னு ஒண்ணு வரலை, ஆளுன்னு ஒண்ணு இல்ல.

மறுநாள் காத்தால நான் எந்திரிச்சு பாக்கறேன், சுகுணா பாறை மேல உக்காந்து தண்ணிக்குள்ள காலைத் தொங்கப் போட்டிருக்கா. தலை சீவல. அவ ஊட்ல தலை சீவாம நான் பாத்ததே இல்ல. நான் போயி, "காப்பி வெக்கட்டுமா அம்முணி?"ன்னேன். "வேண்டாங்க அத்தை, நீங்களும் உக்காருங்க"ன்னா. உக்காந்தேன். நானும் தண்ணிக்குள்ள காலை உட்டேன்.   தாரணி வந்து தண்ணியை அள்ளி அவங்கம்மா மேல ஊத்திட்டா. சுகுணா சிரிச்சா பாரு! சத்தமா, வாய் உட்டு. அந்தச் சிரிப்பைக் கேட்டு லோகு உள்ள இருந்து பல்லு வெளக்கற குச்சியோட ஓடி வந்துட்டான். ரெண்டு வருஷமா அவ சிரிக்கலைங்கறதே எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. ஒரே ஊட்லதான் இருக்கறோம். தெரியல.

அப்ப கேக்குது வேன் சத்தம்.

தெய்வாத்தா ஒருத்தி வருவான்னு பாத்தா, வேன் நெறையக் கூட்டிட்டு வந்துட்டா. அவ மகன், மருமக, கைக்கொழந்தை, சம்பந்தி, சம்பந்தியோட அக்கா. சோத்துப் போசி, பிரியாணிச் சட்டி எல்லாம் வேற. எறங்கினதும் செருப்பைக் கழட்டி உட்டுட்டு அந்தக் கல்லு மேல ஓடி வாரா, முந்தானையை வாயில பொத்திக்கிட்டு. சுகுணா ஈரத்தோட எந்திரிச்சு நிக்கறா. தெய்வாத்தா போயி கழுத்தைக் கட்டிக்கிட்டு நல்லா ராகம் போட்டு அழுகறா. அவளுக்கு ஒப்பாரி நல்லா வரும், சின்னதுல இருந்தே. அழுதுட்டே சொல்றா, "பெத்தவ கண்ணு மூடையில பக்கத்துல நீயில்லாமப் போனியே சாமி, ஆரு கையில தண்ணி வாங்கிக் குடிச்சாளோ"ன்னு.

அது பாட்டுல வாறதுதான் கண்ணு. எல்லாருக்கும் அப்பிடித்தான் பாடுவாங்க. அவளுக்கு அன்னைக்கு நடந்தது ஒண்ணும் தெரியாது.

சுகுணா அழுகல. தெய்வாத்தா தோளுக்கு மேல இருந்து என்னைப் பாத்தா. ஒரேதடவைதான். கோவமாப் பாத்திருந்தா நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன், எனக்கென்ன வாயில்லையா? இவ கோவமாப் பாக்கல. ரொம்ப சோந்துபோயி, நீங்களான்னு கேக்கற மாதிரி பாத்தா. பாத்துட்டு தெய்வாத்தா முதுகைத் தடவிக் குடுக்கறா. "அழுகாதீங்க சின்னத்தை, அழுகாதீங்க"ன்னு இவ அவளைத் தேத்தறா.

அப்பறம் ஈரத்துணியை மாத்திக்கிட்டு, தலையை இழுத்துச் சீவிக்கிட்டு, அடுப்பைப் பத்த வெச்சா. வந்தவங்களுக்கெல்லாம் காப்பி போடறதுக்கு.

அந்தக் காப்பியை எனக்கும் கொண்டாந்து குடுத்தா. டம்ளரைக் கையில வாங்கினேன். கோழிக்கொழம்பு ஞாபகம் வந்துருச்சு. அன்னைக்கு அந்தக் கொழம்பை நல்லா இருக்குதுன்னு ரெண்டாந்தடவை வாங்கி உண்டவ நானு. போன் வாரதுக்குக் கொஞ்சம் முந்தி.

எல்லாரும் பிரியாணியைப் பிரிக்கறாங்க. சம்பந்தியோட அக்கா, ராத்திரி இங்கயே எல்லாரும் படுத்துக்கலாமா, பாய் இருக்குதான்னு கேக்கறா. நான் எந்திரிச்சேன். "தெய்வாத்தா, எனக்கு உன்ற ஊட்டுக்கு வரோணும்னு இருக்குது. இப்பவே. ஒரு நாள் இருந்துட்டு அப்பிடியே பஸ்ஸுல ஊருக்குப் போயிக்கறேன். எனக்கு இந்தக் குளுரு ஆகல"ன்னேன். குளுரே இல்ல அங்க. "சாப்பிட்டுட்டுப் போலாமக்கா"ங்கறா. "ஆகாது, வழியில எங்காவது மரத்தடியில உக்காந்து உங்கலாம், எனக்கு மூச்சு முட்டுது"ன்னு நெஞ்சைப் புடிச்சேன். எல்லாரும் பயந்துட்டாங்க. லோகு டாக்டர் டாக்டர்ன்னு குதிக்கறான். அவனைத் தள்ளிக் கூட்டிட்டுப் போயி, "டேய், எனக்கு ஒண்ணுமில்ல, இவங்களையெல்லாம் நான் கூட்டிட்டுப் போறேன். வாயை மூடிட்டு வண்டியில ஏத்து"ன்னேன். அப்பத்தான் அவனுக்குப் புரிஞ்சுது. போன் பண்ணினது ஆருன்னும் புரிஞ்சுது. "ஏம்மா?"ன்னான்.  பழனி லாட்ஜ் கதையையா சொல்லுவேன்?

வேன்ல ஏறி உக்காந்துட்டேன். சுகுணா வேகமா நடந்து வாரா. சரி, இப்பவாவது கேட்டுப்போடுவா, கேக்கட்டும்னு இருந்தேன். சன்னல் வழியா இந்தப் பையைக் குடுத்தா. "முட்டிக்குத் தேய்க்கற எண்ணெய் இதுல இருக்குதுங்க அத்தை. பிரஷர் மாத்திரை சாப்பாட்டுக்கு அப்பறம் போடுங்க, வெறும் வயித்துல போட்டுறாதீங்க"ன்னா.

அவ்வளவுதான். நேத்து ராத்திரி தெய்வாத்தா ஊட்ல தங்கிட்டு, இந்தப் பையைக் கீழயே வெக்க முடியாம மடியில வெச்சுட்டு வாரேன்.

இரு, போன் அடிக்குது. எங்க வெச்சேன்... காரமடை. அய்யோ, கொழுந்தனார் பொண்டாட்டி. நாளைக்கு அவங்க ஊட்டுக்கு வாரோம்னு நான்தான் சொல்லி வெச்சிருக்கறேன். இவ இன்னும் துக்கம் கேக்கல. சித்த இரு கண்ணு.

"அலோ... ஆமா சரசு, நான்தான்... பஸ்ஸுல... இல்ல இல்ல, அவங்க நாளைக்கு வரல... இல்ல சரசு, நாளான்னைக்கும் வரல. அவங்க வேற தடத்துல போயிட்டாங்க... எந்தத் தடம்னு எனக்குத் தெரியாது... அவளுக்குப் போன் போடாத. போடாதங்கறேன்... கெடா வெட்டச் சொல்லிட்டியா? வெட்டாத... ஆரு வேண்டாம்னு சொன்னதுன்னா கேக்கற? சுகுணாவா? அவளுக்கு ஒண்ணும் தெரியாது, அவளைச் சொல்லாத. நான்தான் வேண்டாம்னேன்... ஆமா, எனக்குத்தான் உங்கூட்டுக்கு வர இஷ்டமில்லைன்னு வெச்சுக்க... சரி சரசு. நீ அப்பிடித்தான் நெனைப்ப. நெனைச்சுக்க. தாரணி கல்யாணத்துல நீ கை நனைக்காட்டி பரவால்ல... வெக்கறேன்."

வெச்சுட்டா. நான் வெக்கறதுக்கு முன்னாடி அவளே வெச்சுட்டா.

 இந்த வயசுல ஒறம்பரையை அத்துக்கிட்டேன். ராசாத்திக்கு நாளைக்கே தெரிஞ்சிரும். தெரியட்டும். இன்னைக்கு ஒரு பொழுதாவது அவ அந்தப் பாறை மேல தலை சீவாம உக்காந்திருக்கட்டும்.

திம்பம் வந்துருச்சாட்ட இருக்குது. காத்து மாறுது.

ஏங்கண்ணு... நீ தூசின்னு சொன்ன. தூசின்னா இந்நேரத்துக்குச் சரியாயிருக்கும். மைசூர்ல ஏறினதுல இருந்து அந்தக் கைக்குட்டையைப் பிழியற. நான் பாத்துட்டேதான் வாரேன். வாய் வரைக்கும் வந்து வந்து போகுது எனக்கு, ஆரு, என்ன, எப்பன்னு. சரி, இல்ல. கேக்கல. ஆரூட்டுப் புள்ளைன்னும் கேக்கல, கோபியில எந்த ஊடுன்னும் கேக்கல.

எந்திரி. நீ சன்னலோரத்துக்கு வா. அட, வான்னா வா. அந்தப் பக்கமாத் திரும்பிக்க, மலையைப் பாத்துட்டு வா. நான் இந்தப் பக்கம் பாத்துக்கறேன். எனக்கு வாந்தி வந்தா மட்டும் தோளைத் தட்டறேன், சித்த ஒதுங்கிக்க.